தஹ்ரீர் என்றொரு நிறுத்தம் இல்லை

கெய்ரோவில் என் மனைவியை நான் தொலைத்தபோது காலை மணி ஒன்பதேகால். அதற்குச் சரியாக ஒரு நிமிஷம் முன்னால்தான் அவளிடம், "ஒம்பதரைக்கு நீ நைல் முன்னாடி நிப்பே, வேணும்னா எழுதி வச்சுக்கோ" என்று சொல்லியிருந்தேன். அவள் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. முப்பத்தோரு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள். என் பேச்சை எழுதினால் நோட்டுதான் வீண் என்று அவளுக்குத் தெரியும்.

என் பெயர் மஹ்ரூஸ். மேற்குப் பாலைவனத்தில் தாக்லா என்கிற சோலையில் பூகோள வாத்தியாராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் கிணறு உண்டு, வாய்க்கால் உண்டு, ஆறு கிடையாது. நைல் நதியைக் கரும்பலகையில் நீலச் சுண்ணக்கட்டியால் நான் வரைந்ததற்குக் கணக்கே இல்லை. கண்ணால் பார்த்ததுதான் இல்லை. படித்தது பக்கத்துச் சோலையில். வீட்டுக்கு ஒரே மகன் என்பதால் பட்டாளத்துக்கும் கூப்பிடவில்லை. இதையெல்லாம் பையன்களிடம் சொல்வேனா? நைல் எவ்வளவு அகலம் சார், தண்ணி என்ன நிறம் சார் என்று கேட்பார்கள். நேற்றுத்தான் அதில் குளித்துவிட்டு வந்தவனைப் போல பதில் சொல்வேன். தெரியாது என்கிற வார்த்தையை வகுப்பில் நான் உச்சரித்ததே கிடையாது.

கல்யாணமான முதல் வாரத்தில் ஹுஸ்னியாவிடமும் அளந்துவிட்டேன். "உன்னை நைலுக்குக் கூட்டிட்டுப் போறேன். நானே காட்டுறேன்." அப்புறம் ஒரு பிரசவம், ஒரு பேரீச்சை அறுவடை, ஒரு பரீட்சை என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருந்தது. போன ரமலானில் ரொட்டி சுட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இந்த வருஷமும் இல்லைன்னா, இனிமே அந்தப் பேச்சையே எடுக்காதீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உப்பு வேணுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள். எனக்கு அது உறைத்தது. அறுவடை முடிந்த கையோடு இரண்டு டிக்கெட் எடுத்தேன். ராத்திரி பஸ்ஸில் போய், பகலில் நைலைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே மாலை ஏழு மணி பஸ்ஸில் திரும்பி விடுவதாகத் திட்டம்.

கெய்ரோவுக்குள் பஸ் நுழையும்போதே ஒரு பாலத்தில் ஆற்றைக் கடந்திருக்கிறது. நாங்கள் இருவரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தோம். இதை அப்புறம் வரைபடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த வரைபடம் பள்ளிக்கூடத்தில் இருந்தது. ஓய்வு பெற்ற அன்று நினைவாக இருக்கட்டும் என்று கழற்றிக்கொண்டு வந்தேன். அதை நான்காக மடித்து கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் நிலையச் சதுக்கத்தில் இறங்கினேன். ஒரு பக்கம் மேம்பாலம், ஒரு பக்கம் மைக்ரோபஸ்காரர்களின் கூச்சல். என் வரைபடத்தில் மேம்பாலமே இல்லை.

"வாத்தியாரே, எந்தப் பக்கம்?" என்றாள் ஹுஸ்னியா. என்னைக் கிண்டல் செய்யத் தோன்றும்போதுதான் அவள் வாத்தியாரே என்பாள்.

"இப்படித்தான்" என்று ஒரு பக்கமாக நடந்தேன். கடவுள் புண்ணியத்தில் அங்கே மெட்ரோ இருந்தது.

பிளாட்பாரத்தில்தான் சிக்கல். ரயிலின் நடுவில் இருக்கும் பெட்டிகள் பெண்களுக்கு மட்டும். மற்றவற்றில் ஆண்கள் ஒருவர் மூச்சை ஒருவர் விட்டுக்கொண்டு நின்றார்கள். இந்த நெரிசலில் இவளை எப்படி ஏற்றுவது என்று, "நீ பொம்பளைங்க பெட்டியில ஏறிக்கோ. தஹ்ரீர்னு எழுதியிருக்கும், அங்க இறங்கு. நான் வந்துடுவேன்" என்றேன். தஹ்ரீர் சதுக்கத்தில் இறங்கி, நடந்து போய்ப் பாலத்தில் நிற்பதாக ஏற்பாடு. அவள் பேரீச்சம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். கைபேசி எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அது என் சட்டைப்பையில். அதன் எண் அவளுக்குத் தெரியாது. எதற்குத் தெரிய வேண்டும்? இத்தனை வருஷமும் நான் கூப்பிடு தூரத்தில்தானே இருந்தேன்.

ஒரு நிறுத்தம் போயிற்று. இரண்டு போயிற்று. மூன்றாவதில் பாதிக் கூட்டம் இறங்கியது. சுவரில் 'சாதாத்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குச் சாதாத் வேண்டாம், தஹ்ரீர்தான் வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக நின்றேன். கதவு மூடிய பிறகு பக்கத்து இளைஞனிடம் கேட்டேன், "தம்பி, தஹ்ரீர் இன்னும் எவ்வளவு தூரம்?"

"தஹ்ரீரா? இப்பத்தானே போச்சு மாமா."

"அது சாதாத்துப்பா!"

"மேல இருக்கிறது தஹ்ரீர் சதுக்கம். கீழ இருக்கிற ஸ்டேஷன் பேரு சாதாத். தஹ்ரீர்னு ஒரு ஸ்டேஷனே கெடையாது மாமா."

"இப்ப எங்க போயிட்டு இருக்கோம்?"

"இப்பவா? நைலுக்கு அடியில."

சன்னல் பக்கம் பார்த்தேன். கறுப்புச் சுவர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, பெண்கள் பெட்டியை நோக்கி ஓடினேன். "ஹுஸ்னியா!" என்று கத்தினேன். இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டும் என்னுடையது இல்லை. "ஹாஜியாரே, வயசாச்சு, பொம்பளைங்க பெட்டியில என்ன வேலை?" என்று ஒருத்தி விரட்டினாள். கதவு மூடிக்கொண்டது. ரயில் போய்விட்டது.

நின்று யோசித்தேன். என்னைவிட அவளுக்கு மூளை அதிகம். யாரையாவது கேட்டுச் சாதாத்திலேயே இறங்கியிருப்பாள். எதிர் ரயிலைப் பிடித்துத் திரும்பிப் போனேன். மறுபடி நைலுக்கு அடியில். சாதாத்தில் அவள் இல்லை.

அந்த நிலையத்துக்கு எத்தனை வாசல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு படியில் ஏறினால் ஒரு தெரு, இன்னொரு படியில் ஏறினால் அதே தெருவின் மறுகரை. பேப்பர் விற்கிறவரிடம் கேட்டேன். "கறுப்பு அபாயா, கையில பை? ஆமா ஆமா, இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்க" என்றார். கெய்ரோவில் பாதிப் பெண்கள் கறுப்பு அபாயாவில் கையில் பையோடுதான் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஓடினேன். அங்கே காலணிக்குப் பாலிஷ் போடுகிறவர், "வெளியூரா? அப்ப மியூசியம்தான் போயிருப்பாங்க. வெளியூர்க்காரங்க வேற எங்க போவாங்க?" என்றார். மியூசியம் வாசலில் ஒருவர், இல்லையில்லை, அழுதுகொண்டே ஒரு அம்மா சந்தைப் பக்கம் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். ஹுஸ்னியா அழுகிறாள் என்றதும் சந்தையைப் பார்த்து ஓடினேன். சந்தையில் டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்து, மூலை வரைக்கும் விட்டு, "நேரா போங்க, அங்கதான் இருக்காங்க" என்றார். நேராகப் போனால் சுவர்.

ஒருத்தராவது தெரியாது என்று சொல்ல வேண்டுமே! வழி கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்கிற நல்ல மனசு. அந்த நல்ல மனசு என்னை நாலு மணி நேரம் நாயாய் அலைய வைத்தது. வரைபடத்தை ஒரு முறை விரித்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்தை மேலே பிடிப்பது என்றே பிடிபடவில்லை. வடக்கு எது? பூகோள வாத்தியாருக்கு வடக்கு தெரியவில்லை. மகனுக்கு போன் போடலாமா என்று மூன்று தடவை எடுத்துவிட்டு உள்ளே வைத்தேன். 'அம்மாவைத் தொலைச்சுட்டேண்டா' என்று எந்த வாயால் சொல்வது?

மணி ஒன்றரை. சாதாத் நிலையத்துப் படிக்கே திரும்பி வந்திருந்தேன். கடைசிப் படியில் ஒரு பெண் காகிதக் கைக்குட்டைப் பாக்கெட்டுகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். பெயர் அத்தியாத் என்று அப்புறம் சொன்னாள். அவளிடமும் கேட்டேன்: கறுப்பு அபாயா, கையில் பை.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாது ஹாஜியாரே" என்றாள்.

அந்த ஊரில் அன்று நான் கேட்ட முதல் 'தெரியாது' அது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு ரொட்டியைப் பிரித்தாள். உள்ளே பச்சைப் பசேலென்று தஅமியா என்கிற பயறு வடை, இரண்டு ஊறுகாய்த் துண்டு. "வாங்க ஹாஜியாரே, சாப்பிடலாம்" என்றாள். நானும், "பரக்கத்தா இருக்கட்டும்" என்று சொல்லி, பாதியைப் பிய்த்து ஒரு கடி கடித்தேன்.

அத்தியாத் திகைத்துப் போய்ப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், படியில் போகிறவர்களெல்லாம் நின்றுவிட்டார்கள். "அட என் ராசா! நெசமாவே எடுத்துட்டீங்களே!"

"நீங்கதானேம்மா கூப்பிட்டீங்க?"

"பேச்சுக்குக் கூப்பிடுறதுதான்! நான் வாங்கன்னு சொல்லணும், நீங்க வேணாம்னு சொல்லணும். மூணு தடவை கூப்பிட்டாத்தான் நெசமா கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். எந்த ஊரு நீங்க?"

"தாக்லா. எங்க ஊர்ல ஒரு தடவை கூப்பிட்டு உக்காரலைன்னா, ஏழு வருஷம் பேச மாட்டாங்க."

"இங்க ஒரு தடவை கூப்பிட்டு உக்காந்துட்டா, நாங்க பயந்துடுவோம்."

மெல்வதை நிறுத்தினேன். நாலு மணி நேரமாக நான் ஹுஸ்னியாவைச் சந்து சந்தாகத் தேடியிருக்கிறேன், அழுகிற பெண்ணாக, தொலைந்துபோன பெண்ணாக. என் ஹுஸ்னியா அப்படிப்பட்டவளா? பையில் மூன்று கிலோ பேரீச்சம்பழத்தோடு, ஒரு பெட்டி நிறையப் பெண்களோடு அவளை ஏற்றிவிட்டிருக்கிறேன். அவள் எல்லோருக்கும் கொடுத்திருப்பாள். வாங்கித் தின்ற யாராவது ஒருத்தி, பேச்சுக்கு, "எங்க வீட்டுக்கு வாங்களேன்" என்று சொல்லியிருப்பாள்.

"போயிட்டா" என்றேன். "யாரோ வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. இவ போயிட்டா."

அத்தியாத்துக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பெண்கள் பெட்டியில் நாள் முழுக்க ஏறி இறங்கி விற்கிறவர்கள் அவளுடைய சிநேகிதிகள். கைபேசியில் ஒரு எண்ணை அழுத்தி, தலைத்துணிக்குள் காதோரம் செருகிக்கொண்டு, ரொட்டியைத் தின்றபடியே கத்தினாள்: "ஏ நக்லா! ஊசி, ஹேர்பின்னெல்லாம் அப்புறம் விப்பே, இதைக் கேளு. காலையில உங்க பெட்டியில யாராச்சும் பேரீச்சம்பழம் குடுத்தாங்களா?"

நக்லாவின் குரல் எனக்கே கேட்டது. "யாராச்சுமா? பெட்டி முழுக்கக் குடுத்துச்சு அந்தம்மா! எனக்கு ரெண்டு கை. 'மடிச்ச மேப்போட ஒரு மனுசன் தேடி வருவாரு, வந்தா இந்த விலாசத்தைச் சொல்லு'ன்னு சொல்லிட்டு எறங்குச்சு. நானும் காலையிலேர்ந்து ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் எட்டிப் பாக்குறேன். ஒருத்தனையும் காணோமே!"

எங்கள் பக்கத்தில் பாலைவனத்துக்குள் போகிறவன் கடைசிக் கிணற்றடியில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போவான். தேடி வருகிறவன் முதலில் அங்கேதான் கேட்க வேண்டும். ஹுஸ்னியா சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். நான்தான் ஊரெல்லாம் கேட்டேன், அவள் ஏறின பெட்டியில் கேட்கவில்லை.

விலாசம் இது: கீஸாவில் இறங்கி, பஹ்ருல் அஸம் தெரு, மருந்துக்கடைக்கு மேலே ஐந்தாவது மாடி, நர்ஸ் மதாம் ஸுஹைர் வீடு. கிளம்பும்போது அத்தியாத் ஒரு யோசனை சொன்னாள். "வழி கேட்டா, டக்குனு சொல்றவனை நம்பாதீங்க. கொஞ்சம் முழிக்கிறவனை நம்புங்க." பேரீச்சம்பழம் கொடுக்கலாம் என்றால் பை என்னிடம் இல்லை. மீதி ரொட்டியை அவளிடம் கொடுத்தேன். மூன்று தடவை கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மூன்றாம் முறையாக நைலுக்கு அடியில் போனேன். கீஸாவில் டக்கென்று சொன்ன இரண்டு பேரை விட்டுவிட்டு, தலையைச் சொறிந்த ஒருவரை நம்பி நடந்தேன். அந்தத் தெரு ஆற்றங்கரைத் தெருதான். ஆனால் நடுவே கிளப்புகளின் நீள மதில். தெருவில் போகிறவனுக்கு ஆறு தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் ஏறினேன். அவள் இங்கேயும் இல்லையென்றால் என்ன செய்வது என்று ஒவ்வொரு மாடியிலும் நின்று பயந்தேன்.

கதவைத் தட்டினேன். திறந்தது ஹுஸ்னியா. கையில் கரண்டி.

"மெதுவா" என்று உதட்டில் விரலை வைத்தாள். "மதாம் தூங்குறாங்க."

யாரோ ஒருவருடைய வீடு. வீட்டுக்காரி தூங்குகிறாள். விருந்தாளி சமைக்கிறாள். மொலோகியாக் கீரைக்குப் பூண்டு தாளித்த வாசனை வாசல்வரை வந்தது. அவள் தோளைத் தொட்டுப் பார்த்தேன், நிஜம்தானா என்று.

"ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில நின்னுட்டு வந்திருக்காங்க, பாவம். வந்து பாத்தா வீட்டுல ஒண்ணும் சமைக்கலை. நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்" என்றாள். அதற்குள் உள்ளேயிருந்து கலைந்த தலையோடு மதாம் ஸுஹைர் எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"ஹாஜியாரே, சத்தியமா நான் பேச்சுக்குத்தான் கூப்பிட்டேன்! 'சரி, வாங்க போலாம்'னு எனக்கு முன்னாடி எழுந்து நின்னுட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்? ஆனா இவங்களை நீங்க கூட்டிட்டுப் போகக் கூடாது. இப்படித் தூங்கி எத்தனை நாளாச்சு!" என்று சொல்லிவிட்டு, மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் கிசுகிசுத்துக்கொண்டே கத்தினேன். அப்படிக் கத்த முடியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். "ஏன் சாதாத்துல இறங்கலை? அதுதான் தஹ்ரீர்னு யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்களே. பெட்டியே சேர்ந்து சொல்லுச்சு. கதவுகிட்ட போய் எட்டிப் பாத்தேன். நீங்க இறங்கலை."

"அதுக்கு?"

"நீங்க இறங்காத எடத்துல நான் எதுக்குங்க இறங்கணும்?"

அடுத்த நிலையத்தில் நான் இறங்கி ஓடியதையும் பார்த்திருக்கிறாள். எழுந்து வருவதற்குள் கதவு மூடிக்கொண்டதாம்.

கூடத்தில் சாப்பாட்டு மேசை இருந்தது. பால்கனியை ஒட்டிப் போட்டிருந்தார்கள். பால்கனிக் கதவுக்குக் கனமான திரை, முழுக்க இழுத்து மூடியிருந்தது. திரைக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலி. அதன் எதிரே கீரைக் காம்புகள், பூண்டுத் தோல். அவள் காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறாள்.

"இந்தத் திரைக்குப் பின்னாடி..." என்று இழுத்தேன்.

"ஆமா, அதுதானாம். மதாம் வந்ததுமே திறந்து காட்ட வந்தாங்க. வேணாம்னுட்டேன். பேச்சுக்கு வேணாம்னு சொல்றேன்னு நெனச்சு மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் வேணாம்னேன்." கரண்டியை வைத்துவிட்டு, கையை அபாயாவில் துடைத்துக்கொண்டாள். "நீங்க காட்டுறேன்னு சொல்லியிருக்கீங்களே."

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை; மறைத்தாலும் அவளுக்குத் தெரியும். மணி மூன்றேகால் ஆகியிருந்தது. திரையை இழுத்தேன். ஒரு வளையம் சிக்கிக்கொண்டது. அவளும் வந்து பிடித்து இழுத்தாள்.

மதிலுக்கு அப்பால் அது கிடந்தது. நான் வரைந்த மாதிரி நீலமாக இல்லை. ஒரு மாதிரிப் பழுப்பு, ஒரு மாதிரிப் பச்சை. நான் வகுப்பில் சொன்ன அகலமும் இல்லை. அதைவிடக் கூடவா குறைவா என்றுகூடச் சொல்ல வரவில்லை. நீளம் எவ்வளவு, எங்கே பிறக்கிறது, எத்தனை நாட்டைக் கடக்கிறது என்று முப்பத்தோரு வருஷமாக அவளுக்காக எடுத்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. தேடினேன், காணோம்.

ஹுஸ்னியா வெளியே வந்து பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "இவ்வளவு தண்ணியா!" என்றாள். அப்புறம் கேட்டாள், "ஏங்க, இது எந்தப் பக்கமா போகுது?"

தெற்கிலிருந்து வடக்கே. இந்த நாட்டில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். ஆனால் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி, மண்ணுக்கு அடியில் மூன்று தடவை போய் வந்த எனக்கு, அந்தப் பால்கனியில் வடக்கு வலது பக்கமா இடது பக்கமா என்று பிடிபடவில்லை. கையைத் தூக்கி ஏதாவது ஒரு பக்கம் காட்டியிருக்கலாம். கை பாதிவரை போயிற்று. இறக்கிவிட்டேன்.

"தெரியலை ஹுஸ்னியா" என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் பண்ணப் போகிறாள் என்று காத்திருந்தேன். பண்ணவில்லை. என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் கம்பியின் மேல் வைத்துக்கொண்டாள். அவள் விரலெல்லாம் பூண்டு வாசனை.

"இருங்க, பாப்போம்" என்றாள்.

இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து மிதந்து வந்தது. மெதுவாக எங்களைக் கடந்து இடது பக்கமாகப் போயிற்று.

"அந்தப் பக்கம்" என்றாள் ஹுஸ்னியா.